தினமும் ஒரு வீடியோ: 118வது நாள் கை கிழிந்த பிறகு புரிந்த கணக்கு

பகலில் அலுவலக வேலை, மாலையிலும் விடுமுறையிலும் மரவேலை. மெஷின் அதிகம் இல்லை, உளி, இழைப்புளி, ரம்பம் என்று கைக்கருவிகள்தான். 2024 ஜனவரியில் இதற்காக ஒரு யூடியூப் சேனல் தொடங்கினேன். முதல் 11 மாதம் ஒரு மாதிரி தப்பு செய்தேன். அப்புறம் நான்கு மாதம் அதற்கு நேர் எதிராகத் தப்பு செய்தேன். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மாதச் சம்பளம் போனது, எத்தனையோ ராத்திரித் தூக்கம் போனது, இடது உள்ளங்கையில் ஆறு தையல் மிச்சம். பார்த்துப் பார்த்து செதுக்கும் பெரிய வீடியோவா, தினமும் சட்டென்று எடுத்துப் போடும் சின்ன வீடியோவா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு இருந்தது ஒரே எண்ணம்: தரமாக இருந்தால் தானாக வருவார்கள். கேமரா, ஒரு நல்ல லென்ஸ், இரண்டு விளக்கு, எடிட்டிங் தாங்குவதற்காகக் கணினியில் கூடுதல் ரேம் என்று எடுத்த எடுப்பிலேயே இரண்டு மாதச் சம்பளம் காலி. முதல் வீடியோ ஒரு சின்ன மரப்பெட்டி செய்வது. இழைப்புளியிலிருந்து மரச்சுருள் சுருண்டு வந்து தரையில் விழுகிற காட்சியை ஸ்லோ மோஷனில் எடுக்க மூன்று மாலை செலவழித்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து பட்டால் சுருள் கண்ணாடி மாதிரி ஒளிரும், அது எனக்குத் திருப்தியாக வரும்வரை பலகையை இழைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பலகை பெட்டிக்கு ஆகாத அளவுக்கு மெலிந்துவிட்டது. வேறு பலகை எடுத்து வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் எடிட்டிங் மட்டும் 45 மணி நேரத்துக்குக் குறையவில்லை. அந்த முதல் வீடியோவை ஒரு வாரத்தில் பார்த்தவர்கள் 83 பேர். அதில் பாதி என் உறவுக்காரர்களும் நண்பர்களும்.

நவம்பர் முடிவில் 7 வீடியோ, 212 சப்ஸ்கிரைபர். ராத்திரி படுத்த பிறகும் போனை எடுத்து எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஏறியிருக்காது. இவ்வளவு உழைத்தும் யாருக்கும் வேண்டாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோமோ என்கிற பயம் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, சொன்னால் செலவுக் கணக்கு வரும்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த வீடியோக்களில் தரம் கூடிப்போனது பிரச்சினை இல்லை. 11 மாதத்தில் 7 முறைதான் நான் வெளியே வந்து கற்றுக்கொண்டேன், அதுதான் பிரச்சினை. சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்வையாளர் எந்த நொடியில் எவ்வளவு பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் இருக்கும். அதை நான் ஒழுங்காகத் திறந்து பார்த்ததே ஆறாவது வீடியோவுக்குப் பிறகுதான். 30வது நொடியில் 31 சதவீதம் பேர்தான் இருந்தார்கள். காரணம், என் வீடியோ எல்லாமே 40 நொடி இசையும் அழகுக் காட்சியுமாகத் தொடங்கும். மூன்று மாலை உட்கார்ந்து எடுத்த அந்த மரச்சுருள் வருவதற்குள்ளேயே ஆட்கள் போய்விட்டார்கள். ஒரு பெரியவர் கமெண்ட்டில் எழுதியிருந்தார்: "படம் அருமை தம்பி, ஆனா நீங்க என்ன சொல்றீங்கன்னே கேக்கல." லென்ஸுக்கு அவ்வளவு செலவழித்தவன் சட்டையில் மாட்டுகிற ஒரு சாதாரண மைக் வாங்கவில்லை. காலி அறையில் குரல் எதிரொலித்துக்கொண்டே இருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் செலவை ஒலிக்குச் செய்யுங்கள். போன் கேமராவே படத்துக்குப் போதும். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத குரலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் செம்மை பண்ணலாம்" என்று நான் வீடியோவை நிறுத்தி வைத்ததில் பாதி, வெளியிடுவதற்கு இருந்த பயம். வண்ணத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்வரை யாரும் நம்மை மதிப்பிட முடியாதே. ஒரு வீடியோவை நான்காவது முறையாகத் திருத்துகிறீர்கள் என்றால், இந்தத் திருத்தத்தால் பார்க்கிறவருக்கு எது கூடுதலாகப் புரியப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

சரி, இனி தினமும் போடுவோம் என்று 2025 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கினேன். எனக்கு முன்மாதிரியாக இருந்தவர் அமெரிக்க யூடியூபர் கேசி நைஸ்டாட். 2015 மார்ச்சில் தொடங்கி 2016 நவம்பர் வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் வீடியோ போட்டவர். அவரால் முடியும்போது என்னால் ஒரு நிமிட ஷார்ட்ஸ் (யூடியூபில் நெட்டுவாக்கில் வரும் சின்ன வீடியோ) முடியாதா என்று நினைத்தேன். அவர் அதற்கு முன்னாலேயே பல வருடம் படமெடுத்துப் பழகியவர், தன் அண்ணனோடு சேர்ந்து 2010இல் ஒரு டிவி தொடரே செய்தவர் என்பதை நான் யோசிக்கவில்லை. அவருடைய வேகத்துக்கு அடியில் அவ்வளவு வருடப் பயிற்சி இருந்தது. நான் போதாததற்குச் சேனல் முகப்பிலேயே "365 நாள், 365 வீடியோ" என்று எழுதிப் போட்டேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். யாரும் கேட்காத வாக்குறுதியை நானே கொடுத்துவிட்டு, அதற்குக் கட்டுப்பட்டு நான்கு மாதம் கிடந்தேன்.

முதல் வாரம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு நாளில் எடுத்து, அன்றைக்கே போட்டு, மறுநாள் காலையில் என்ன ஆனது என்று பார்க்க முடிந்தது. 11 மாதத்தில் கற்றுக்கொண்டதைவிட அதிகமாக அந்த ஏழு நாளில் கற்றுக்கொண்டேன். முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வர வேண்டும், ஷார்ட்ஸில் வலது ஓரத்தையும் அடிப்பகுதியையும் பட்டன்களும் எழுத்துகளும் மறைத்துக்கொள்ளும் என்பதால் முக்கியமானது சட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும், பேசும்போது கை வேலையை நிறுத்தக் கூடாது. எல்லாமே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. தினமும் போடுவதில் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சுத் திணறாமல் கேமரா முன்னால் பேசக் கற்றுக்கொண்டது அந்த நாள்களில்தான்.

ஒன்பதாவது நாள் போட்டது 22 நொடி. பேச்சே இல்லை, இழைப்புளியிலிருந்து ஒரே நீளமாக மரச்சுருள் வருகிறது, அவ்வளவுதான். இரண்டே நாளில் இரண்டு லட்சம் வியூஸ். எனக்குக் கை நடுங்கியது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். அந்த ராத்திரியிலிருந்துதான் வழி தவறினேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த மூன்று மாதம் அந்த இரண்டு லட்சத்தைத் திரும்பப் பிடிப்பதே வேலையாகிவிட்டது. விதவிதமான மரத்தில் சுருள், மெலிந்த சுருள், அகலச் சுருள், வெயிலில் சுருள். ஒன்றையும் செய்யாமல் வெறும் பலகையை இழைத்துக் குப்பையில் போட்டேன். மரத்துக்கே அந்தக் காலத்தில் அரை மாதச் சம்பளம் செலவாகியிருக்கும். மீதி அரை மாதத்துக்கு இரண்டாவதாக ஒரு போனும் ஸ்டாண்டும். சப்ஸ்கிரைபர் 9,400 ஆனார்கள்.

மார்ச்சில், நான் மிகவும் ஆசைப்பட்டு எடுத்த ஒரு பெரிய வீடியோவை வெளியிட்டேன். இழுப்பறை ஒன்றை ஆணி இல்லாமல் பொருத்துவது, 16 நிமிடம். 9,000 பேருக்கு மேல் இருக்கிற சேனலில் அதைப் பார்த்தவர்கள் 340 பேர். அன்றைக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், என்ன பேசினார்கள் என்று இன்றைக்கும் நினைவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சுருளுக்காக வந்தவர்கள். கண்ணுக்கு இதமான 20 நொடி வேண்டும் அவர்களுக்கு. இழுப்பறை எப்படிச் செய்வது என்று தெரிய வேண்டிய தேவை இல்லாதவர்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை, நான் கொடுத்ததைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

வருமானக் கணக்கையும் நான் முன்னாலேயே படித்திருக்க வேண்டும். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். கூடவே கடைசி 12 மாதத்தில் பெரிய வீடியோக்களை மக்கள் பார்த்த நேரம் 4,000 மணி இருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி வியூஸ் வர வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. தினமும் போட்டு 90 நாளில் எனக்கு வந்தது 14 லட்சம் வியூஸ். அதாவது இரண்டு வாசலில் எதன் வழியாகவும் நான் உள்ளே போகவில்லை. சேர்ந்த பிறகும் பங்கு வேறு வேறு: பெரிய வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸில் நமக்கென்று ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். இதெல்லாம் யூடியூபின் உதவிப் பக்கங்களிலேயே இருக்கிறது. தொடங்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் பாருங்கள்.

விதி மாறுவதால் ஏமாந்த கதை ஒன்று. ஏப்ரல் தொடக்கத்தில் என் ஷார்ட்ஸ் வியூஸ் திடீரென்று ஏறியது. கடைசியில் பலன் கிடைத்துவிட்டது என்று நம்பி இன்னும் வேகமாக ஓடினேன். நடந்தது வேறு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும், அதை ஒரு வியூ என்று எண்ணும் முறை வந்திருந்தது. உண்மையில் நின்று பார்த்தவர்கள் கணக்கு எங்கேஜ்டு வியூஸ் என்ற பெயரில் தனியாக இருந்தது. அது ஏறவே இல்லை. வெளியே தெரிகிற எண்ணை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

ஏப்ரல் 28, 118வது நாள். அலுவலகத்திலிருந்து வரவே எட்டரை ஆகிவிட்டது. அன்றைய வீடியோ எடுக்கவில்லை. பத்தரை மணிக்குக் கண் எரிச்சலோடு பட்டறையில் நின்று, உளியால் ஒரு பொருத்தின் மூலையைச் சீவிக்கொண்டிருந்தேன். மரவேலை கற்கும் முதல் நாளே சொல்லித் தருவது, உளி போகும் திசையில் கை இருக்கக் கூடாது என்பது. கேமராவுக்கு மறைக்கக் கூடாதே என்று இடது கையை முன்னால் கொண்டுபோய்ப் பலகையைப் பிடித்திருந்தேன். உளி வழுக்கி உள்ளங்கையில் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. எனக்கு முதலில் வந்த எண்ணம், இது பதிவாகிவிட்டதா என்பதுதான். வலது கையால் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வந்த மனைவி, "என்னங்க இது, ரத்தம் சொட்டுது, முதல்ல அந்தப் போனைக் கீழ வைங்க" என்று கத்தியபோதுதான் தரையைப் பார்த்தேன். சுருள்கள் எல்லாம் சிவந்திருந்தன. ஆறு தையல், நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் கருவியைத் தொடக் கூடாது என்றார்கள். அந்த ராத்திரி நான் அழுதேன். வலிக்காக இல்லை. ரத்தத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்தேனே, அதற்காக.

அந்த மூன்று வாரமும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அதுவரை போட்ட 117 ஷார்ட்ஸையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வியூஸை எழுதவில்லை. எந்த வீடியோவுக்கு யாராவது வந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் குறித்தேன். மொத்தம் 11. அந்த 11க்கும் ஒரு பொது அம்சம் இருந்தது. எல்லாமே நான் நிஜமாக ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தபோது வந்த சிக்கலை, அங்கேயே போனை வைத்துச் சொன்னவை. ரம்பம் கோட்டை விட்டு ஓடினால் என்ன செய்வது, பசை காய்ந்த கறையை எப்படி எடுப்பது மாதிரி. வீடியோவுக்காகவே உட்கார்ந்து கண்டுபிடித்த 106இல் ஒன்றுக்குக்கூட ஒரு கேள்வி இல்லை. அந்த 11ஐப் பார்த்தவர்கள்தான் என் பழைய பெரிய வீடியோக்களுக்குக் கீழேயும் எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியவர்கள் யார் என்று அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இப்போது செய்வது இதுதான். முதலில் ஒரு பொருளை முடிவு செய்கிறேன், வீடியோவை இல்லை. அதைச் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆகும். முழு வேலையையும் 4கே அளவில் கிடைமட்டமாக எடுக்கிறேன். 4கே படத்தின் உயரம் 2160 புள்ளி, அதிலிருந்து 9:16 அளவில் நெட்டுவாக்கில் வெட்டினால் 1215 புள்ளி அகலம் கிடைக்கும். ஷார்ட்ஸுக்கு 1080 போதும் என்பதால் தனியாக இன்னொரு முறை எடுக்கத் தேவையில்லை. வேலையின் நடுவில் சொல்லத் தகுந்த ஒன்று நடந்தால் கேமரா முன் ஒருமுறை கை தட்டுவேன். எடிட்டிங்கில் அந்த ஒலி கூர்முனையாக நிற்கும், தேட வேண்டாம். அப்படிக் கிடைக்கிற துண்டுகளில் வாரத்துக்கு மூன்று சின்ன வீடியோ. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம்தான் தருவேன், அதற்குள் முடியாவிட்டால் அது பெரிய வீடியோவில் சேர வேண்டிய விஷயம். எப்போதும் ஆறு வீடியோ முடித்துக் கையிருப்பில் இருக்கும். உடம்பு முடியாத வாரம் அதிலிருந்து போகும். இரவு ஒன்பதுக்கு மேல் உளியைத் தொடுவதில்லை.

சின்ன வீடியோவைப் பெரிய வீடியோவின் விளம்பரத் துணுக்காக ஆக்கிவிடாதீர்கள். "மீதியை முழு வீடியோவில் பாருங்கள்" என்று பாதியில் நிறுத்தி நான் நான்கு முறை முயன்றேன், கோபமாகத்தான் எழுதினார்கள். 40 நொடியானாலும் அதற்குள் ஒரு விஷயம் முழுசாகக் கிடைக்க வேண்டும். அப்புறம் ஷார்ட்ஸின் விவரத்திலோ கமெண்ட்டிலோ இணைப்பு கொடுத்தால் அதைச் சொடுக்க முடியாது, 2023 ஆகஸ்ட் முதல் அப்படித்தான். ஸ்டுடியோவில் தொடர்புடைய வீடியோ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, அதில் பெரிய வீடியோவை வைத்தால் ஷார்ட்ஸின் மேலேயே தெரியும்.

பெரிய வீடியோவின் செம்மையை நான் விடவில்லை. எனக்கு அது பிடிக்கும், அதற்காகத்தான் இதில் இறங்கினேன். ஆனால் இப்போது மூன்று இடத்தில் மட்டும் இழைக்கிறேன்: முதல் 30 நொடி, ஒலி, அப்புறம் பார்க்கிறவர் தானாகச் செய்ய எந்தக் காட்சி தெளிவாகத் தெரிந்தாக வேண்டுமோ அந்த ஒன்று. உளியின் முனையில் மெல்லிய பிசிறு எழும்புகிற காட்சிக்காக ஒரு மாலை முழுக்க இப்போதும் உட்காருவேன். நடந்து போவது, பலகையை எடுப்பது, மேசையைத் துடைப்பதெல்லாம் எப்படி வந்ததோ அப்படியே போகட்டும். 45 மணி நேரமாக இருந்த எடிட்டிங் 12க்கு வந்துவிட்டது.

என் கணக்கு எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அன்றாடம் மாறுகிற விஷயத்தைப் பேசுகிறவர்களுக்குத் தினமும் போடுவதுதான் இயல்பு, அவர்கள் எடிட்டிங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கைத்தொழில் கற்றுத்தருகிறவர்களுக்கு அது ஆகாது. 2007இல் ஜான் கிரீன், ஹேங்க் கிரீன் என்ற அண்ணன் தம்பி, வார நாள்களில் தினமும் வீடியோ என்று ஒரு வருடம் செய்தார்கள். அவர்களும் ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என்று மாறி மாறித்தான் போட்டார்கள். பின்னாளில் வாரம் இரண்டு என்ற அளவுக்கு வந்து, அதில்தான் பல வருடம் நீடித்தார்கள். தனி ஆளாக, வேலைக்கும் போய்க்கொண்டு, அதைவிட அதிகம் செய்ய நினைத்தேன் நான்.

முறையை மாற்றிய முதல் இரண்டு மாதத்தில் 300 பேர் வெளியேறினார்கள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் மெதுவாக ஏறி டிசம்பரில் 4,000 மணி நேரம் தாண்டியது. செலவழித்த மூன்று மாதச் சம்பளம் இன்னும் திரும்பி வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது.

அந்த டிசம்பரில் ஒருவர் 40 நொடி வீடியோ ஒன்றின் கீழே கேட்டிருந்தார், எவ்வளவு தீட்டினாலும் உளியின் முனை உதிர்ந்துகொண்டே இருக்கிறது, ஏன் என்று. அனுப்பிய படத்தைப் பார்த்தேன், சாய்வு 20 டிகிரிகூட இருக்காது. 25 டிகிரியில் சாணை பிடித்து, முனையில் மட்டும் 30 டிகிரியில் இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள், பின்பக்கம் கண்ணாடி மாதிரித் தட்டையாக இருக்கட்டும் என்று பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க வரவில்லை, அது காட்ட வேண்டிய விஷயம். 14 நிமிட வீடியோவாக எடுத்தேன், நான்கு மாலை ஆனது. வெளியிட்ட மறுவாரம் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, என் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு, தீட்டிய உளியால் மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவியிருக்கிறார். உதிராமல், முழுசாக, மெல்லிய ஒரு சுருள்.